கரண்டு வைத்தியத்தைப் பாதியில் விடாதீர்கள்!



புற்றுநோய் என்று டாக்டர் சொன்னாலே வீட்டில் அழுகைதான். அதோடு "கதிர் சிகிச்சை வேண்டும்" என்றும் சொல்லிவிட்டால், "கரண்டு வைக்கப் போறாவளாம், உடம்பு தாங்குமா?" என்று கலக்கம். கலங்க வேண்டாம். இந்தச் சிகிச்சை எடுத்து நலமாக வாழ்பவர்கள் பலர். ஆனால் முழுவதும் எடுத்தால்தான் முழுப் பலன்.

நம் ஊருக்குப் புதிதல்ல

குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்திலேயே, நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு வைத்தியம் நடந்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் ஐ. எம். ஓர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்குப் போடுவோருக்கு வரும் வாய்ப் புற்றுநோயைப் பற்றி 1933-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். நோயும் பழையது, வைத்தியமும் பழையது. இன்று கருவிகள்தான் புதியவை.

இது கரண்டு இல்லை

பேச்சில் கரண்டு என்கிறோமே தவிர, இது மின்சாரம் பாய்ச்சுவது அல்ல. எக்ஸ்ரே போன்ற, ஆனால் அதைவிடப் பல மடங்கு வலிமையான கதிர். படம் எடுப்பதுபோல் மேசையில் படுத்திருந்தால் போதும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் வலி இராது. வெளியிலிருந்து செலுத்தும் கதிர் உடம்பில் தங்காது. வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம். நோய் யாருக்கும் ஒட்டாது.

ஏன் இத்தனை நாள்?

கதிர் பட்டால் நல்ல அணுக்களும் சற்றுக் காயப்படும்; ஆனால் அவை விரைவில் தேறிவிடும். புற்று அணுக்களால் அப்படித் தேற முடியாது. ஆகவேதான் தினம் கொஞ்சமாக, வாரம் 5 நாள், நோயைப் பொறுத்துப் பல வாரங்கள் கொடுக்கிறார்கள். நடுவில் நிறுத்தினால் மிஞ்சிய புற்று அணுக்கள் மறுபடி பெருகும். நட்ட வயலுக்குப் பாதியில் தண்ணீரை நிறுத்தினால் விளைச்சல் என்னாகும்?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இது மிக முக்கியம். வெளிக் கதிர் சுமார் 5 வாரம். பிறகு உள்ளே கருவி வைத்துச் சில முறை. எல்லாம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். சிகிச்சை முடியும் முன்பே பலருக்கு இரத்தப்போக்கு நின்றுவிடும். "நின்னுட்டுல்லா, இனி எதுக்கு?" என்று வீட்டோடு இருந்துவிடாதீர்கள். இரத்தம் நிற்பது வேறு, நோய் தீர்வது வேறு.

எங்கே போவது?

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம்; அங்கிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கதிர் சிகிச்சைக்கு நெய்யூரில் சர்வதேசப் புற்றுநோய் மையம், திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 1981-ல் தொடங்கிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் ஆகியவை உண்டு.

கோபால்ட் கருவியும் குணம் தரும். லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்னும் புதுக் கருவி, கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரை அமைத்துப் பக்கத்து உறுப்புகளைக் காக்கும். எது தேவை என்பதை டாக்டர் முடிவு செய்வார். "பெரிய மிஷின் உள்ள இடத்துக்கே போவோம்" என்று மாதக்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள்.

தொடங்கும் முன்பே செய்ய வேண்டியவை

1. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர் சிகிச்சை அடங்கும். அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள். கேரளத்துக்குப் போவதானால் காப்பீடு அங்கே செல்லுமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

2. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் சான்று வாங்குங்கள்.

3. துணைக்கு யார், பிள்ளைகளை யார் பார்ப்பது, தினம் போய் வருவதா, அங்கேயே தங்குவதா என்பதை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்.

4. கர்ப்பமாக இருந்தால், அல்லது சந்தேகம் இருந்தாலும், முதலிலேயே சொல்லுங்கள். சிகிச்சைக் காலத்தில் கரு தங்கக் கூடாது. இடுப்புப் பகுதியில் கதிர் கொடுத்தால் பிறகு குழந்தை பிறக்க வாய்ப்பு பெரும்பாலும் இராது. கணவன் மனைவி இருவரும் கூச்சமின்றி டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

5. கதிர் படும் இடத்தில் தேங்காய் எண்ணெய், மஞ்சள், சோப்பு எதையும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். தோலில் போட்ட அடையாளக் கோட்டை அழிக்காதீர்கள். முட்டை, மீன், பயறு, கஞ்சி என்று நன்றாகச் சாப்பிடுங்கள்.

கணவர்களுக்கு ஒரு வார்த்தை

உங்களுக்கு நோய் என்றால் மனைவி எல்லாவற்றையும் போட்டுவிட்டு உடன் வருவாள். அவளுக்கு என்றால், "அடுப்பை யாரு பாக்குது?" என்று அவளே சிகிச்சையை நிறுத்தப் பார்ப்பாள். அப்போது, "நான் பாத்துக்கிடுதேன், நீ போ" என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

தொடங்கிய சிகிச்சையை முடிப்போம்! குடும்பத்தைக் காப்போம்!