தொட்டிக்குள் ஒரு சதுப்பு நிலம்

மணி பிளான்ட் கொடியைப் பார்க்காதவர் நம்மில் எவரும் இரார். சன்னலோரக் கண்ணாடிப் புட்டியிலும் தாழ்வாரத்தில் தொங்கும் தொட்டியிலும் அது வளர்வதைக் காண்கிறோம். ஒரு கணுவை ஒடித்து நட்டால் போதும், வேர் விட்டுவிடும். இத்தனை எளிதில் வளரும் கொடிக்கு, கத்தரியும் வாழையும் செழித்த தோட்டத்து மண்ணையே அள்ளி வந்து தொட்டியில் நிரப்பி, நாள் தவறாமல் நீரும் ஊற்றுகிறோம். சில வாரங்களில் இலைகள் மஞ்சளாகின்றன. தண்டு அடியில் கறுத்து அழுகுகிறது. நிலத்தில் உயிரூட்டிய மண் தொட்டிக்கு வந்ததும் உயிரைக் குடிப்பானேன்?

விடையை ஒரு பஞ்சில் காணலாம். பாத்திரம் துலக்கும் செவ்வகப் பஞ்சு ஒன்றை நீரில் முழுக்க நனைத்து, தட்டையாகப் பிடித்துக் கொள்ளுங்கள். சிறிது நேரம் நீர் சொட்டும், பிறகு நின்றுவிடும். இப்போது பிழியாமல், குறுகிய பக்கம் கீழே வருமாறு செங்குத்தாகத் திருப்புங்கள். மீண்டும் நீர் சொட்டத் தொடங்குகிறதல்லவா? பஞ்சும் மாறவில்லை, அதன் துளைகளும் மாறவில்லை. உயரம் மட்டுமே மாறியது.

நுண்குழாய்களில் நீர் தானே மேலேறி நிற்கும் என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் சுமார் 3 செ.மீ. உயரம் நிற்கும், அரை மி.மீ. எனில் 6 செ.மீ.; 0.1 மி.மீ. எனில் 30 செ.மீ. மண்ணின் துளைகள் இப்படி ஒழுங்கானவை அல்ல என்றாலும் விதி ஒன்றே. தோட்டத்து நிலத்தில் மண் கீழே தொடர்ந்து செல்வதால், அடிமண் நீரை உறிஞ்சி இழுத்துக்கொண்டே இருக்கும். தொட்டியிலோ மண் துவாரத்தோடு முடிந்துவிடுகிறது. அங்கே நுண்புழைகள் பிடித்துக்கொண்ட நீர் கீழே இறங்காது. ஆகவே ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் ஒரு சிறிய சதுப்பு நிலம் உண்டு. மண் எவ்வளவு மெல்லிய துகள்களால் ஆனதோ, அவ்வளவு உயரம் அந்தச் சதுப்பு மேலேறும். தொங்கு தொட்டிகள் பெரும்பாலும் ஆழம் குறைந்தவை என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். 15 செ.மீ. ஆழத் தொட்டியில் களிமண் கலந்த மண்ணை நிரப்பினால் வேருக்கு உலர்ந்த இடமே மிஞ்சாது.

அடியில் கூழாங்கல் பரப்பினால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்வர். அது பயன் தராது. மெல்லிய மண்ணின் நீர் பெரிய இடைவெளிகளுள்ள கல் அடுக்குக்குள் எளிதில் இறங்காது. சதுப்பு அந்தக் கல்லுக்கு மேலே உட்கார்ந்துகொள்ளும். மண் இருக்க வேண்டிய இடம்தான் வீணாகும்.

சதுப்பினால் என்ன கேடு? வேரும் மூச்சு விடுகிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் பரவுவதைக் காட்டிலும் நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். ஈர மண்ணில் மக்கும் பொருள்களைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருக்கிற ஆக்சிஜனையும் பறித்துக்கொள்ளும். மூச்சுத் திணறிய வேரைப் பித்தியம் போன்ற அழுகல் நுண்ணுயிரிகள் எளிதில் தாக்கும். அப்படியானால் புட்டி நீரில் மட்டும் கொடி எப்படிப் பிழைக்கிறது என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. நீரிலேயே தோன்றும் வேர்கள் அந்தச் சூழலுக்கேற்ற அமைப்புடன் வளர்கின்றன. புட்டியில் மக்கும் பொருளும் இல்லை, ஆகவே போட்டியும் குறைவு.

இக்கொடியின் தாயகம் பசிபிக் பெருங்கடலில் தாகித்திக்கு அருகிலுள்ள மூரியா தீவு. காட்டில் அது மரங்களைப் பற்றி ஏறும். ஏற ஏற இலைகள் பெருத்துக் கிழிபடும். நம் வீட்டில் தொங்கவிடும்போது இலை சிறியதாகவே இருந்துவிடுகிறது. மரப்பட்டையிலும் உதிர்ந்த இலைக் குவியலிலும் பரவும் வேர்கள் அதனுடையவை. ஈரமும் காற்றும் சேர்ந்தே இருக்கும் இடம் அது.

தொட்டிக்கென்று தனி மண் கலவை தேவை என்பதை முறையாக ஆராய்ந்தவர்களுள் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தைச் சேர்ந்த லாரன்ஸ், நியூவெல் ஆகிய இருவர் முக்கியமானவர்கள். 1930களில் அவர்கள் வகுத்த கலவையில் வண்டல் மண் 7 பங்கு, பீட் என்னும் சதுப்பு மட்கு 3 பங்கு, பருமணல் 2 பங்கு. பீட் சதுப்பு நிலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. அளவே சேர்வது. அதை வெட்டி எடுத்துத் தொட்டியில் போடுவது நியாயமாகத் தோன்றவில்லை.

நமக்கு அது தேவையும் இல்லை. தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் மிஞ்சும் நார்க்கழிவு பொள்ளாச்சி வட்டாரத்தில் மலைபோல் கிடைக்கிறது. தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டும், இடையே காற்றுக்கு வழி விடும் பொருள் அது. ஆனால் பச்சைக் கழிவை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அதில் கரிமம் ஏறத்தாழ 100 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்குதான். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக்காளானைக் கொண்டு இதை மட்கச் செய்யும் முறையைப் பரப்பியது. மட்கிய கழிவையும் இரண்டு மூன்று முறை நீரில் அலசினால் உப்பு நீங்கும்.

மட்கிய நார்க்கழிவு 2 பங்கு, செம்மண் 1 பங்கு, பொடித்த செங்கல் துண்டு அல்லது பருமணல் 1 பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு கலந்து பாருங்கள். கரிசல் மண் வேண்டாம்; நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். கடற்கரை மணலில் உப்பு உண்டு. கட்டடத்துக்கு வரும் எம்-சாண்டில் கல்மாவு இருக்கும், கழுவிக்கொள்ளுங்கள்.

கலவை சரியா என்பதை நீங்களே அளக்கலாம். நடப்போகும் தொட்டியின் துவாரங்களைப் பிளாஸ்திரியால் அடைத்து, ஈரமாக்கிய கலவையை நிரப்புங்கள். மேற்பரப்பில் நீர் பளபளக்கும் வரை மெல்ல ஊற்றுங்கள். பிறகு துவாரத்தைத் திறந்து, சொட்டு நிற்கும் வரை வடியும் நீரைப் பிடித்து அளவிடுங்கள். அந்த நீர் இருந்த இடம்தான் இனிக் காற்று இருக்கும் இடம். 1 லிட்டர் கலவையிலிருந்து 150 மி.லி. வடிந்தால் காற்றிடம் 15 சதவீதம். 20ஐ ஒட்டி இருந்தால் மிக நன்று. 10க்குக் கீழே போனால் செங்கல் துண்டைக் கூட்டுங்கள். வேறொரு உயரமான டப்பாவில் அளந்தால் கணக்கு தவறும். காரணம் பஞ்சே சொல்லும்.

நார்க்கழிவு நாளடைவில் மக்கி மாவாவதால் இரண்டு ஆண்டுகளில் காற்றிடம் சுருங்கிவிடும். அப்போது கலவையை மாற்றுங்கள். கொடியை அறுக்கையில் சாறு பட்டால் அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களால் அரிப்பு எடுக்கலாம். கையைக் கழுவிக்கொள்ளுங்கள், வெட்டிய தண்டை ஆட்டுக்குப் போட வேண்டாம்.