ஆபரேஷனுக்கு முந்தைய ஆண்டுகள்

இரண்டாவது குழந்தை பிறந்த கையோடு குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொள்வது அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பழகிப்போன வழக்கம். தறி ஓடும் வீடானாலும், மில் வேலைக்குப் போகும் வீடானாலும், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் வீடானாலும், பிரசவத்துக்குச் சேரும்போதே "ரெண்டாவதா? அப்ப கு.க. பண்ணிருவோம்ல?" என்ற பேச்சு வந்துவிடும். தமிழ்நாடு முழுக்க ஏறக்குறைய இதே நிலைதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். நாட்டளவில் இது 37.9.

ஆபரேஷனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. போதும் என்று முடிவெடுத்த பெண்ணுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் கல்யாணத்துக்கும் முதல் குழந்தைக்கும் நடுவில், முதல் குழந்தைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் அவள் கையில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒன்றுமில்லை. கைப்பிள்ளை நடக்கப் பழகும் முன்பே மறுபடி உண்டாகி, ரத்தசோகையோடு களை எடுக்கப் போகிற பெண்களை இந்தக் கரிசல் காட்டில் பார்க்கலாம். ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கருவுக்கு முயல்வதற்குள் குறைந்தது 24 மாதங்களாவது கழிய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 24 மாதங்களைப் பெற்றுத் தரக்கூடிய ஆள், ஊருக்குள் வந்து போகிற கிராம சுகாதாரச் செவிலியர்தான்.

பால் கொடுத்தால் உண்டாகாதா?

ஓரளவு உண்மை. அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது. தண்ணீர்கூடத் தராமல் இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும். மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் பாதுகாப்பு போய்விடும். காலையில் மில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பும் தாய்க்கு இரண்டாவது நிபந்தனை நடக்கிற காரியமில்லை. மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடும் என்பதால், ஒரு தடவைகூட விலக்காகாமலே அடுத்த கரு தங்கிவிடுவதும் உண்டு.

காப்பர் டி: பேச வேண்டியது வலி வரும் முன்

குழந்தை பிறந்த 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி வைக்கலாம். சிசேரியனின்போதே வைப்பதும் உண்டு. அந்த நேரம் தவறினால் ஆறு வாரம் கழித்துத்தான். '380ஏ' வகை 10 ஆண்டுகளுக்கும், '375' வகை 5 ஆண்டுகளுக்கும் வேலை செய்யும். வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், எடுத்ததும் உண்டாகலாம். பயிற்சி பெற்ற செவிலியர்களே இதை வைக்க அரசு விதிகள் இடம் தருகின்றன.

இருந்தும் 'காப்பர் டி' என்றாலே முகம் சுளிக்கிறார்கள். நெஞ்சுக்கு ஏறிவிடும் என்பார்கள். கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்குப் போக வழியே இல்லை. மிக அரிதாக, வைக்கும்போது கர்ப்பப்பைச் சுவரில் துளை விழலாம். பயிற்சி பெற்ற கை வேண்டும் என்பது அதனால்தான். முதல் சில மாதங்கள் உதிரப்போக்கு கூடுதலாக இருக்கும், அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெண் பொறுத்துக்கொள்வாள். சொல்லாமல் விட்டால் இரண்டாம் மாதமே எடுக்கச் சொல்லி வந்து நிற்பாள். ஏற்கெனவே அதிகம் படுகிறவருக்கும் ரத்தம் குறைவானவருக்கும் வேறு வழியைக் காட்டுவது நல்லது.

பிரசவ வலியில் துடிக்கும்போது ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. ஏழாம் மாதம், எட்டாம் மாதம் என்று பரிசோதனைக்கு வருகிறாளே, அப்போதே பேசியிருக்க வேண்டும். கேட்காமல் வைத்த ஒரே ஒரு காப்பர் டி, ஒரு தெருவையே பயமுறுத்தப் போதும். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எந்தச் செவிலியரின் பேச்சும் எடுபடாது.

மூன்று மாத ஊசி, வாரத்துக்கு ஒரு மாத்திரை

'அந்தரா' ஊசி 2017 முதல் அரசுத் திட்டத்தில் படிப்படியாக இலவசமாகத் தரப்படுகிறது. மூன்று மாதத்துக்கு ஒன்று. வீட்டில் யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்ள முடிவதே பல பெண்களுக்கு இதன் பெரிய வசதி. தேதி தவறினால் நான்கு வாரம் வரை தாமதமாகவும் போடலாம்; வெளியூர் வேலைக்குப் போய் வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு ஆறு வாரத்துக்குப் பிறகு போடலாம். மாதவிலக்கு தாறுமாறாகும், சிலருக்கு நின்றேபோகும். உள்ளே கெட்ட ரத்தம் தேங்குகிறது என்று பயப்பட வேண்டாம், அப்படி எதுவும் தேங்குவதில்லை. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: நிறுத்திய பிறகு மறுபடி உண்டாக, கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் வரை ஆகலாம்.

'சாயா' லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய, ஹார்மோன் இல்லாத மாத்திரை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. பால் கொடுப்பவரும் சாப்பிடலாம். தினமும் சாப்பிடும் 'மாலா-என்' அப்படியல்ல. பால் கொடுக்கும் தாய் ஆறு மாதம் வரை அதைத் தொடக் கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவருக்கும் அது ஆகாது. அதனால்தான் அட்டையை எடுத்து நீட்டும் முன் பி.பி. பார்க்க வேண்டும்.

திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் கணவன் வெளியூரில் வேலை பார்த்துப் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வந்து போகிற வீடுகள் நிறைய. அங்கே தினசரி மாத்திரை பொருந்தாது. ஆணுறையும், தவறிப்போனால் 72 மணி நேரத்துக்குள் சாப்பிடும் அவசர மாத்திரையும் போதும். அந்த மாத்திரை இருக்கிறது என்ற செய்தியைச் செவிலியர்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

'கேஸ்' பிடித்த காலம்

முன்பு இத்தனை ஆபரேஷன், இத்தனை லூப் என்று ஒவ்வொரு செவிலியருக்கும் இலக்கு இருந்தது. வீட்டு வாசலில் அவர் நின்றாலே 'கேஸ் பிடிக்க வந்துட்டாங்க' என்று கதவைச் சாத்துவார்கள். 1996 ஏப்ரலில் நாடு முழுவதும் அந்த இலக்குகள் கைவிடப்பட்டன. ஆனாலும் கருத்தடை முகாம்கள் தொடர்ந்தன. 2014இல் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூரில் கருத்தடை முகாமுக்குப் போன 13 பெண்கள் உயிரிழந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, மூன்று ஆண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

எண்ணிக்கையைத் துரத்தும் செவிலியரிடம் எந்தப் பெண்ணும் மனம் திறக்க மாட்டாள். அடுத்த குழந்தை எப்போது வேண்டும், வீட்டுக்காரர் ஊரில் இருக்கிறாரா, அதிகம் படுகிறதா, வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாளா என்று கேட்டுவிட்டு, பதிலைக் காதுகொடுத்துக் கேட்பவர்தான் அவளுக்கு வேண்டும். மாமியாரை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பேசத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். காப்பர் டி வைத்த பிறகு ஒரு மாதம் கழித்து "எப்படி இருக்கு தாயி?" என்று விசாரிப்பதுதான் இந்த வேலையில் பாதி. ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஏறக்குறைய 5,000 பேர். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, கணினி விவரம் எல்லாம் ஒரே தோளில். பேச நேரம் கொடுக்காமல் நல்ல ஆலோசனை வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆண்கள் எங்கே?

தமிழ்நாட்டில் ஆண் கருத்தடை செய்துகொண்டவர்கள் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. 1950களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் கருத்தடைத் திட்டம் சூடுபிடித்தபோது ஏராளமாக முன்வந்தவர்கள் ஆண்கள் என்பதை இன்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தழும்பில்லாக் கருத்தடைக்கு வயிற்றைத் திறக்க வேண்டாம், தையல் வேண்டாம். அன்றே வீட்டுக்குப் போகலாம். உடல் பலமும் உறவில் நாட்டமும் குறைவதில்லை. ஆனால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம் இதைப் பெண் செவிலியர் பேச வேண்டும் என்று விட்டுவிடுவது சரியல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண் சுகாதார ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கொசு ஒழிப்போடு இதையும் அவர்கள் கையில் எடுக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்ததும் பாதுகாப்பு தொடங்கிவிடாது என்பதையும் அவர்களே விளக்கட்டும். மூன்று மாதம் வரை வேறொரு முறை கட்டாயம் வேண்டும். அதன் பிறகு விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று முடிவு வரும்வரை ஆபரேஷன் செய்துகொண்டவர் ஆணுறையை விடக் கூடாது.