பூட்டிய வீட்டின் பனிக்காலக் குடித்தனம்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மாமத் லேக்ஸ். நிரந்தரக் குடிகள் ஏறத்தாழ 7,000 பேர். வீடுகளின் எண்ணிக்கை அதைவிட அதிகம். பெரும்பாலானவை லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற தொலைதூர நகரங்களில் வேலை பார்ப்பவர்களின் விடுமுறை வீடுகள். பனிச்சறுக்குப் பருவத்திலும் கோடை விடுமுறையிலும் ஊர் நிரம்பி வழியும். இடைப்பட்ட வாரங்களில், சில சமயம் மாதக்கணக்கில், வீடுகள் பூட்டிக் கிடக்கும். பூட்டிவிட்டுப் போனவர் உள்ளே யாரும் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

ஆனால் இரவுக் குளிர் ஏறத் தொடங்கியதுமே சுற்றியுள்ள பைன் காட்டிலிருந்து எலியும் பூச்சியும் வீடு தேடி வரத் தொடங்குகின்றன. இந்த ஊரில் தொல்லைகளுக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. இலையுதிர் காலத்தில் உள்ளே நுழைபவை, பனிக்காலத்தில் சுவருக்குள் குடித்தனம் நடத்துபவை, பனி உருகும்போது மரத்தைக் குடைபவை என்று முறை வைத்து வருகின்றன. வெப்பம், ஈரம், சந்து ஆகிய மூன்றில் ஏதாவதொன்று அவற்றை அழைக்கிறது. மூன்றுமே வீட்டுக்குள்தான் இருக்கின்றன என்பதால் வைத்தியமும் பெரும்பாலும் வீட்டுக்குத்தான்.

இவற்றில் முக்கியமான விருந்தாளி மான் சுண்டெலி. முதுகில் மானைப் போன்ற பழுப்பு நிறம், வயிறும் பாதங்களும் தூய வெள்ளை, பெரிய காதுகள், மேலே கருத்தும் கீழே வெளுத்தும் இரண்டு நிறத்தில் ஒரு வால். எடை 30 கிராமைத் தாண்டுவது அரிது. நம் வீடுகளில் ஓடும் சாதாரணச் சுண்டெலிக்கு உடம்பெல்லாம் ஒரே சாம்பல் பழுப்பு. வெள்ளை வயிற்றைப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

மான் சுண்டெலி பனிக்காலம் முழுக்கத் தூங்கிக் கழிக்கும் பிராணி அல்ல. விதைகளைச் சேமித்து வைத்துக்கொண்டு குளிரிலும் நடமாடும். தரைமேல் ஆழமாகப் படியும் பனி கம்பளிபோல் மண்ணின் சூட்டைக் காக்கிறது. அதற்கடியில் சுரங்கம் வைத்து, ஆந்தையின் கண்ணில் படாமல் வீட்டு அஸ்திவாரம் வரை எலி வந்துவிடும். வந்ததும் வழியைக் காட்டிக்கொடுப்பது வீடே. சூடேறிய காற்று மேலெழுந்து கூரை இடுக்குகளில் வெளியேற, அடியிலுள்ள சந்துகள் குளிர்காற்றை உள்ளே இழுக்கும்; அதே சந்துகள்தான் எலிக்கும் வாசல். சுவரில் குழாயும் மின்கம்பியும் நுழையும் இடங்களில் சிறு துளைகள் எப்போதும் இருக்கும். 6 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது ஒரு பென்சில் நுழையும் அளவு, எலிக்குப் போதும். உள்ளே வந்தால் சுவரிடைப் பஞ்சு, மெத்தை, அலமாரி இழுப்பறை, நிறுத்திவைத்த காரின் எஞ்சின் எல்லாம் கூடு கட்டத் தோதான இடங்கள்.

இது கடித்துக் குதறும் தொல்லையோடு முடிவதில்லை. 1993-இல் அரிசோனா, நியூ மெக்சிகோ, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்களும் சந்திக்கும் பகுதியில் ஆரோக்கியமான இளைஞர்கள் சிலர் திடீரென மூச்சுத்திணறி இறந்தார்கள். சில வாரங்களிலேயே காரணம் பிடிபட்டது: மான் சுண்டெலி சுமக்கும் ஹான்டா வைரஸ் ஒன்று. சின் நோம்ப்ரே என்று அதற்குப் பெயரிட்டார்கள். எலிக்கு அது நோய் தருவதில்லை. சிறுநீர், புழுக்கை, எச்சில் வழியாக வெளியேறி, காய்ந்து தூசியாகக் கிளம்பும்போது மனிதர் சுவாசித்துவிடுகிறார். ஒன்று முதல் எட்டு வாரத்துக்குள் காய்ச்சல், தசைவலி. பிறகு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. குறிப்பிட்ட மருந்து எதுவுமில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சைத் தாங்கிப் பிடிப்பதுதான் வழி. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 38 பேர் வரை இறக்கிறார்கள்.

ஆபத்தின் அளவும் தெரிந்திருக்க வேண்டும். 1993-இல் கண்காணிப்பு தொடங்கியதிலிருந்து 2022 முடிய அமெரிக்கா முழுவதிலும் பதிவான ஹான்டா நோயாளிகள் 864 பேர். மிக அரிதான நோய். பிடித்தால் மிகக் கொடியது. 2025 தொடக்கத்தில் மாமத் லேக்ஸிலேயே மூன்று பேர் இதற்குப் பலியானார்கள்.

பொழுதுபோக்கு ஊர்களுக்கு இதிலுள்ள பாடத்தை அதே மலைத்தொடரின் யோசெமிட்டி தேசியப் பூங்கா 2012-லேயே கற்றுத்தந்தது. அங்குள்ள கரி வில்லேஜில் பயணிகள் குளிரில் நடுங்காமலிருக்க இரட்டைச் சுவர் வைத்து, நடுவில் வெப்பக்காப்பு நுரை அடைத்த கூடாரக் குடில்கள் இருந்தன. அந்தக் கோடையில் பூங்காவுக்கு வந்தவர்களில் 10 பேருக்கு நோய் கண்டது, மூவர் இறந்தார்கள். 10 பேரில் 9 பேர் அந்தக் குடில்களில் தங்கியவர்கள். பிரித்துப் பார்த்தபோது இரண்டு சுவர்களுக்கும் நடுவே எலிக்கூடுகள். விருந்தினருக்காகச் செய்த கதகதப்பு எலிகளுக்கும் உகந்த வீடாகிவிட்டது. குடில்களை மூடிவிட்டார்கள்.

இந்த வைரஸ் குடும்பத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1964-இல் வேலூரில் பிடிபட்ட ஒரு மூஞ்சூறிலிருந்து விஞ்ஞானிகள் ஒரு வைரஸைப் பிரித்தெடுத்து, தொட்டப்பாளையம் வைரஸ் என்று பெயர் வைத்தார்கள். அதுவும் ஹான்டா வகையைச் சேர்ந்தது என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. குடும்பத்துக்குப் பெயர் தந்த கொரியாவின் ஹான்டான் ஆற்று வைரஸ் கைக்குக் கிடைத்தது 1970-களில்தான். மான் சுண்டெலி வட அமெரிக்கப் பிராணி; ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அது இல்லை.

பூட்டிய வீட்டைத் திறக்கும் நாள்தான் அதிக ஆபத்தானது. வந்ததும் துடைப்பத்தை எடுப்பது எல்லோருக்கும் இயல்பு. செய்யக்கூடாததும் அதுவே, வாக்குவம் கிளீனரும் கூடாது, இரண்டுமே தூசியைக் கிளப்பும். முதலில் கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் வெளியே இருக்க வேண்டும். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து புழுக்கைகளையும் கூட்டையும் நன்றாக நனைத்து, ஐந்து நிமிடமாவது ஊறவிட்டு, காகிதத்தால் ஒற்றி எடுத்து இரட்டைப் பையில் கட்டிப் போடவேண்டும். அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்கும் இந்த வைரஸ் வெயிலில் இன்னும் சீக்கிரம் சாகும். உறைகுளிரிலோ அதன் ஆயுள் நீளும். ஹீட்டர் ஓடாத பனிக்கால வீட்டில் இதை மறக்கக்கூடாது.

எலியை வரவிடாமல் செய்வது இதைவிட எளிது. துளைகளில் கம்பி நாரைத் திணித்து அதன்மேல் சீலன்ட் பூசவேண்டும். வெறும் நுரையை எலி மென்றுவிடும். காற்றுத் துவாரங்களுக்குக் கண் நெருக்கமான இரும்பு வலை. விறகுக் குவியல் வீட்டிலிருந்து 100 அடி தள்ளி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில். நாய்த் தீனியும் பறவைத் தானியமும் தகர டப்பாவுக்குள். மீறி வந்ததைப் பிடிக்கப் பழைய வில்பொறியே சிறந்தது. எலி மீசையால் சுவரைத் தடவிக்கொண்டே ஓடும் என்பதால், இரை வைத்த முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வைக்கவேண்டும். பசை அட்டையில் ஒட்டிக்கொண்ட எலி பயத்தில் சிறுநீர் கழிக்கும். நாம் தவிர்க்க நினைப்பதே அதைத்தான்.

விஷம் வைப்பது சுலபமாகத் தோன்றும். விஷம் தின்ற எலி சுவருக்குள் செத்து நாறும். வெளியே செத்தாலோ ஆந்தை, நரி, மலைச்சிங்கம் என்று விஷம் ஏறிக்கொண்டே போகும். இரத்தம் உறையாமல் செய்யும் இரண்டாம் தலைமுறை எலி விஷங்களுக்கு 2021 முதல் கலிபோர்னியா கடுமையான தடை போட்டிருப்பது இதனால்தான்.

எலியோடு சேர்ந்து வரும் பூச்சிகள் சாதுவானவை. பைன் விதைகளை உறிஞ்சி வாழும் நாவாய்ப்பூச்சி ஒன்று, வெயில் படும் சுவரில் கூடி, மேலேறி, கூரை இடுக்கில் நுழையும். பறக்கும்போது குளவிபோல் ரீங்கரிக்கும், நசுக்கினால் நாறும், கடிக்காது. கிளஸ்டர் ஈயின் கதை விசித்திரமானது. அதன் புழுக்கள் மண்புழுவின் உடலுக்குள் வளர்கின்றன. குப்பைக்கும் அழுகலுக்கும் அதோடு சம்பந்தமில்லை. முதிர்ந்த ஈக்கள் கூரையடியில் கூட்டமாக ஒண்டிக் கிடக்கும். ஜனவரியில் ஒருநாள் நல்ல வெயில் அடித்துச் சுவர் சூடேறினால், வசந்தம் வந்துவிட்டது என்று வெளிச்சத்தைத் தேடி ஜன்னலில் மொய்க்கும். எலிப்புழுக்கை இல்லாத இடமென்றால், இவற்றை வாக்குவம் வைத்து உறிஞ்சிவிட்டால் போதும். சுவருக்குள் மருந்தடித்தால், செத்த உடல்களைத் தின்னக் கம்பளி வண்டுகள் வரும்.

பனி உருகும் பருவத்தில் தச்செறும்பின் முறை. 2022–23 பனிக்காலத்தில் மாமத் மலையின் அடிவார விடுதியருகே விழுந்த மொத்தப் பனி 18 மீட்டர். இப்படிப் பனி சுமக்கும் கூரையில், உள்ளிருந்து கசியும் வெப்பம் அடிப்பனியை உருக்குகிறது. உருகிய நீர் குளிர்ந்த இறவாரத்துக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணைபோல் நிற்கிறது. பின்னால் தேங்கும் நீர் ஓட்டுக்கடியில் புகுந்து மரத்தை நனைக்கிறது. கறுத்துப் பெருத்த தச்செறும்பு கூடு வைக்க இந்த ஈரமரத்தையே பெரிதும் விரும்பும். கரையானைப்போல் மரத்தைத் தின்பதில்லை. குடைந்து தூளை வெளியே தள்ளும். சுவரோரம் மரத்தூள் குவிந்திருந்தால் எறும்பு மருந்துக்கு முன்னால் கூரை ஒழுக்கைத் தேட வேண்டும். ஒழுக்கு நின்று மரம் காயாதவரை எறும்பு திரும்பி வந்துகொண்டேயிருக்கும்.

அளவில் பெரிய விருந்தாளியும் உண்டு. சியரா மலையூர்களில் வீட்டுத் தரைக்கடி வெளியின் சிறு கதவு உடைந்திருந்தால் கருங்கரடி உள்ளே போய்ப் பனித்தூக்கம் போடும். அதற்கும் வைத்தியம் கதவைச் சரிசெய்வதுதான், பனிக்கு முன்பே.

மலையூரில் இந்த வேலைகளைக் கெடுப்பது அறியாமையைவிட ஆளில்லாமைதான். சமவெளி வீட்டில் முதல் புழுக்கையை மறுநாளே யாராவது பார்த்துவிடுவார்கள். இங்கே பார்ப்பதற்குள் இரண்டு தலைமுறை எலிகள் பிறந்துவிடும். பொதுச்சுவர் உள்ள குடியிருப்புகளில் ஒருவர் அடைக்காத சந்து அடுத்தவருக்கும் வாசல். ஆகவே மலையில் வீடு வாங்கும் எவரும் பூச்சிமருந்துக்குச் செலவிடுவதற்கு முன்னால், செப்டம்பரில் கம்பி நாரும் டார்ச்சுமாக வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வரவும், பனிக்காலத்தில் வாரமொரு முறை உள்ளே எட்டிப் பார்க்கவும் உள்ளூரில் ஓர் ஆளை ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. அந்தக் கூலி மெத்தை மாற்றும் செலவைவிடவும் கூரை மாற்றும் செலவைவிடவும் குறைவு.