மழைநீர் சேகரிப்பு: வீட்டுக் கூரை முதல் சதுப்பு நிலம் வரை

சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்றவுடன் மரம் நடுதல், நெகிழிப் பைகளைத் தவிர்த்தல், மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துதல் ஆகியவையே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. இவற்றுள் எதைத் தனி மனிதர் செய்ய வேண்டும், எதை அரசு செய்ய வேண்டும் என்ற வாதமும் கூடவே எழும். இரு தரப்பும் சேர்ந்து இயங்கினால் என்ன கிடைக்கும், ஒரு தரப்பு மட்டும் இயங்கினால் எது கிடைக்காமல் போகும் என்பதைக் கண்கூடாகக் காட்டும் முறை மழைநீர் சேகரிப்பு ஆகும். இக்கட்டுரை சென்னை நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை விளக்குகிறது.

ஒரு கூரையின் கணக்கு

சென்னையின் சராசரி ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். இதில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீராகும். எனவே 100 சதுர மீட்டர் மொட்டை மாடி ஒன்றின் மீது ஓராண்டில் 1,40,000 லிட்டர் நீர் விழுகிறது. ஆவியாதல், தெறித்தல், முதல் மழையில் கழுவிவிடப்படும் நீர் எனத் தோராயமாக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 1,12,000 லிட்டர் எஞ்சும். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் வீதம் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது 280 நாட்களுக்குப் போதுமானது.

கணக்கு இவ்வளவு இனிப்பாக இருந்தும் நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. இந்த நீர் முழுவதும் சில பத்து மழை நாட்களில் வந்து சேர்ந்துவிடுகிறது. வீடுகளில் கட்டப்படும் 10,000 லிட்டர் தரைக்கீழ்த் தொட்டி நிறைந்தாலும் அது அக்குடும்பத்துக்கு 25 நாட்களுக்கே வரும். மீதி நீரைச் சேமிக்கக் கூடிய பெரிய தொட்டி காலடியில் இருக்கும் நிலமே. ஆகவே சென்னையில் மழைநீர் சேகரிப்பு என்பது பெரும்பாலும் நிலத்தடி நீரைச் செறிவூட்டுதல் என்ற பொருளிலேயே வழங்குகிறது.

நிலத்துக்குள் அனுப்பும் முறை

மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாய்களை ஒன்றிணைத்து, ஒரு வடிகட்டும் தொட்டி வழியாக வீட்டிலுள்ள கிணற்றுக்கோ கசிவுநீர்க் குழிக்கோ கொண்டு செல்வதுதான் அடிப்படை ஏற்பாடு. வடிகட்டும் தொட்டியில் அடியில் பெரிய கூழாங்கற்கள், அதன்மேல் ஜல்லி, மேலே மணல் என அடுக்கப்படும். மாடியில் சேர்ந்த தூசி, பறவை எச்சம், இலைச் சருகு ஆகியவை முதல் மழையில் கழுவப்பட்டு வருவதால் அந்நீரை மட்டும் வெளியே விட, குழாயில் ஒரு திறப்பு மூடியுடன் அமைக்கப்பட வேண்டும். பழைய திறந்த கிணறு இருக்கும் வீடுகள் கொடுத்து வைத்தவை. அதைவிடச் சிறந்த சேகரிப்பு அமைப்பை யாரும் புதிதாகக் கட்டிவிட முடியாது. குப்பையைக் கொட்டி மூடப்பட்ட கிணறுகள் நகரில் ஏராளம் என்பது வருந்தத்தக்கது.

மண்ணின் தன்மையை அறியாமல் குழி வெட்டுவது வீண் செலவு. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மணற்பாங்கான நிலம் இருப்பதால் மூன்றடி அகலமும் ஐந்தடி ஆழமும் கொண்ட சாதாரணக் குழியே நீரை விரைவாக உறிஞ்சிக்கொள்ளும். களிமண் பகுதிகளில் அதே குழி நாட்கணக்கில் நிரம்பி நின்று கொசு வளர்க்கும். அங்கே குழியின் நடுவில் ஆழத்துளையிட்டு, களிமண் அடுக்கைக் கடந்து கீழுள்ள மணல் அடுக்கு வரை நீர் செல்ல வழி செய்ய வேண்டும். பரங்கிமலையைச் சுற்றியுள்ள பாறைப் பகுதிகளில் பாறை வெடிப்புகளே நீரின் பாதை என்பதால் ஆழ்துளைக் கிணற்றை ஒட்டிய அமைப்பு தேவைப்படும்.

குளியலறை நீரையும் துணி துவைத்த நீரையும் மழைநீர்க் குழிக்குள் விடக் கூடாது. கழிவுநீர்த் தொட்டிக்கு அருகில் கசிவுக் குழி அமைப்பதும் தவறு. குளியல் நீரைத் தனியே பிரித்து, கல்வாழை, சேம்பு போன்ற செடிகள் வளரும் பாத்தியில் விடுவது எளிய வழி.

உப்புநீரின் எல்லை

கடற்கரை நகரங்களில் நிலத்தடி நீரை நிரப்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நன்னீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. எனவே நிலத்துக்குள் நன்னீர் கடல்நீரின் மீது மிதந்தவாறு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் இருந்தால் கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் புகழ்பெற்ற விதி. இதைத் திருப்பிப் பார்த்தால் அச்சமூட்டும் செய்தி கிடைக்கிறது: நீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால் கீழேயுள்ள உப்புநீர் எல்லை காலப்போக்கில் 40 மீட்டர் வரை மேலே ஏறக்கூடும்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நிகழ்ந்தது இதுவே. நகரின் குடிநீருக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் பாசனத்துக்காகவும் அங்கே நிலத்தடி நீர் பெருமளவில் இறைக்கப்பட்டது. 1969இல் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் வரை காணப்பட்ட உப்புநீர், பின்னர் பத்துக் கிலோமீட்டரையும் தாண்டி உள்நாட்டுக்குள் புகுந்தது. ஒருமுறை உப்பேறிய நீர்த்தாங்கியை மீட்பதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். கிணறு வற்றினால் அடுத்த மழையில் ஊறலாம், உப்பானால் அப்படியல்ல.

2003ஆம் ஆண்டுச் சட்டம்

2003இல் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டத்தின் மூலம் நகர்ப்புறக் கட்டடங்கள் அனைத்திலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியது. புதிய கட்டடங்களுக்கு மட்டுமின்றி ஏற்கெனவே கட்டப்பட்டவற்றுக்கும் இது பொருந்தும் என்பதே அதன் சிறப்பு. உரிமையாளர் செய்யாவிட்டால் உள்ளாட்சி அமைப்பே அமைத்துவிட்டுச் செலவை அவரிடமிருந்து வசூலிக்கவும் வழி செய்யப்பட்டது. சில மாதங்களில் சென்னையின் வீடுதோறும் குழாய்கள் இறங்கின. இந்தியாவில் இத்தனை பெரிய அளவில் தனி வீடுகளைச் சுற்றுச்சூழல் பணியில் ஈடுபடுத்திய சட்டங்கள் மிகச் சிலவே. பின்வந்த ஆண்டுகளில் பல பகுதிகளில் கிணற்று நீர்மட்டம் உயர்ந்தது. 2005இல் நல்ல மழையும் பெய்ததால் உயர்வில் எவ்வளவு மழையின் கொடை, எவ்வளவு குழிகளின் பயன் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

அதே சட்டத்தின் பலவீனமும் விரைவில் வெளிப்பட்டது. கெடுவுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் மண்ணைப் பாராமல் ஒரே அளவில் குழிகள் வெட்டப்பட்டன. சில வீடுகளில் குழாய் தரை வரை இறங்கி நின்றது, கீழே குழியே இல்லை. முறையாகக் கட்டப்பட்டவையும் ஐந்தாறு ஆண்டுகளில் வண்டல் படிந்து அடைபட்டன. வடிகட்டும் மணலை ஆண்டுதோறும் எடுத்துக் கழுவ வேண்டும் என்பது பலருக்குச் சொல்லப்படவும் இல்லை. அமைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் அதிகாரி, அது நீரை உறிஞ்சுகிறதா என்று பார்ப்பதில்லை. ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும் செய்தி இது. பருவமழைக்கு முன், செப்டம்பர் மாதத்தில் மாடியைப் பெருக்கி, மணலைக் கழுவி, குழியின் அடிவண்டலை வாரி எடுக்க ஒரு நாள் போதும்.

இதனிடையே வீடுகளின் முற்றமும் தெருவோரமும் சிமென்ட் பூசப்பட்டும் கல் பதிக்கப்பட்டும் வருகின்றன. கூரை நீரைக் குழிக்குள் விட்டுவிட்டு, வாசல் முழுவதையும் மூடிவிடுவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதற்கு ஒப்பாகும்.

ஏரிகளின் தொடர்

வீட்டுக் குழியால் ஆகாத காரியமும் உண்டு. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய 24 மணி நேரப் பெருமழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அத்தகைய மழையில் 100 சதுர மீட்டர் கூரை ஒன்றிலிருந்தே 49,000 லிட்டர் நீர் இறங்கும். மேலே சொன்ன அளவுள்ள குழி வெறுமையாக இருந்தாலும் ஏறத்தாழ 1,000 லிட்டர்தான் கொள்ளும். எஞ்சிய நீர் தெருவுக்கு வந்தே தீரும். அது எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது தனி வீடு அல்ல.

தமிழ்நாட்டின் பழைய விடை ஏரி. மாநிலத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் கணக்கிடப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் தனித் தேக்கமாக நிற்பதில்லை. வரத்துக் கால்வாய் வழியே வரும் நீர் நிறைந்ததும் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லும். அதுவும் நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. இடையில் ஒரு கால்வாய் தூர்ந்தால், மேலே உள்ள ஊர் வெள்ளத்திலும் கீழே உள்ள ஊர் வறட்சியிலும் ஒரே ஆண்டில் தவிக்கும்.

பராமரிப்புக்கென்று தனி ஏற்பாடு இருந்ததையும் குறிப்பிட வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையில் வாரியங்களைத் தெரிவு செய்த விதத்தை விவரிக்கின்றன. அவற்றுள் ஏரி வாரியமும் ஒன்று. பிற்காலத்தில் ஊரார் கூடித் தூர்வாரும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் அது நலிந்தது. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது. ஊர் தானாகச் செய்துவந்த வேலையைச் சட்டத்தால் வாங்க முற்பட்டதே அந்த வழக்கம் எந்த அளவு தளர்ந்திருந்தது என்பதற்குச் சான்று. தமிழ்நாடு அரசு 2016-17இல் குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியது.

சென்னை நகரம் வளர்ந்ததே ஏரிகளின் மீதுதான். நுங்கம்பாக்கம், மாம்பலம் பகுதிகளில் நீண்டு கிடந்த ஏரியை வடித்து 1920களில் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. நுங்கம்பாக்கத்தில் ஒரு பகுதி இன்றும் 'லேக் ஏரியா' என்றே அழைக்கப்படுகிறது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பள்ளிக்கரணை

தென்சென்னையின் ஏரிகள் பலவற்றின் உபரிநீர் வந்து சேரும் இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் நீர் கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் வரும் வெள்ளத்தைப் பரப்பி நிறுத்தி, மெல்ல மெல்ல வெளியேற்றுவது இதன் பணி. வலசை வரும் நீர்ப்பறவைகளுக்கும் இது புகலிடம்.

இவ்வளவு பயனுள்ள நிலத்தை வருவாய்த் துறைப் பதிவேடுகள் நெடுங்காலம் பயனற்ற தரிசு போலவே கருதின. அதன் விளைவாகப் பெருங்குடியில் மாநகரின் குப்பை கொட்டப்பட்டது. சாலைகள் குறுக்கே சென்றன. அரசு வளாகங்களும் தனியார் கட்டடங்களும் எழுந்தன. சதுப்பு நிலம் தன் பழைய பரப்பில் பெரும்பகுதியை இழந்தது. 2007இல் 317 ஹெக்டேர் பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் பள்ளிக்கரணை, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அறிவிப்புகள் எஞ்சியதைக் காக்கும். வேளச்சேரித் தெருக்களில் ஆண்டுதோறும் தேங்கும் நீர், போனதன் அளவைச் சொல்கிறது.

கடல்நீரும் கழிவுநீரும்

2015இல் வெள்ளத்தில் மிதந்த அதே நகரில் 2019 ஜூன் மாதம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டி மூலம் 25 லட்சம் லிட்டர் வீதம் குடிநீர் கொண்டுவரப்பட்டது.

மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் தலா நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் தொடங்கப்பட்டன. மழை பொய்த்தாலும் நீர் தருவது இவற்றின் நன்மை. ஆனால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. அடர் உப்புநீரும் கடலுக்கே திரும்புகிறது. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நிலையங்கள் தொடங்கப்பட்டன. இவ்விரண்டில் கழிவுநீர் மறுசுழற்சியே விரிவாக்கத் தகுந்தது எனலாம். தொழிற்சாலை அந்நீரை வாங்கும் அளவுக்கு ஏரி நீர் மக்களுக்கு மிஞ்சுகிறது.

மனை வாங்கும் முன்

சதுப்பு நிலமும் ஏரியும் அரசின் பொறுப்பு என்றாலும் அவற்றின் விதியைத் தனி மனிதர் தீர்மானிக்கும் தருணம் ஒன்று உண்டு. அது வீட்டு மனை வாங்கும் தருணம். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. அதன் கீழ் வீடுகள் இடிக்கப்படும்போது முதலில் பாதிக்கப்படுபவர், விற்றுவிட்டுப் போனவர் அல்லர். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்கியவர்.

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மனையின் புல எண்ணைக் கேட்டுப் பெற வேண்டும். அ-பதிவேட்டில் அந்நிலம் எவ்வாறு வகைப்படுத்தப்பட்டுள்ளது என்பதை அரசின் இணையச் சேவையிலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ அறியலாம். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கு ஆகிய சொற்களில் ஏதேனும் இருந்தால் அந்த மனையை விட்டுவிடுவதே நல்லது. பட்டா நிலமாகவே இருந்தாலும் கிராம வரைபடத்தில் பக்கத்துப் புல எண்களையும் பார்க்க வேண்டும். வரத்துக் கால்வாய் ஒன்று மனைப்பிரிவின் நடுவே ஓடி, தரையில் காணாமல் போயிருக்கக் கூடும். நவம்பரில் கனமழை பெய்த மறுநாள் அந்த இடத்துக்கு நேரில் சென்று, அக்கம்பக்கத்தில் நெடுநாள் குடியிருப்பவர்களிடம் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டால் வரைபடத்தில் விட்டுப்போனதும் தெரிந்துவிடும்.