ஒரு சொல்லும் நம் லயமும்

ஆங்கிலப் பாடத்தில் நம் பிள்ளைகள் இளமையிலேயே கற்கும் சொற்களுள் ‘லைன்’ என்பதும் ஒன்று. அதற்குக் ‘கோடு’ என்று பொருள் எழுதி மனனம் செய்துவிட்டால் போதும் என எண்ணுகிறோம். ஆனால், அச்சொல் இடத்திற்கு ஏற்ப வேறு வேறு பொருள் தரும்.

அடிக்கோலை வைத்து இழுத்தால் அது கோடு. பாட்டில் வந்தால் அடி. பள்ளித் திடலில் நின்றால் வரிசை. மீன் பிடிப்பவர் கையில் அது தூண்டிற்கயிறு. ஈரத்துணி காயும்போது கொடி. மலைக்குக் கீழே தாப்பா ரோடு நிலையத்தில் இருப்புப்பாதை.

இத்தனை பொருள்களும் ஒரு நூலிழையிலிருந்தே கிளைத்தன. இலத்தீன் மொழியில் ‘லீனும்’ என்பது ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் ‘லீனியா’. நூலைப்போல் நீண்டு தொடர்வன எல்லாம் காலப்போக்கில் அப்பெயரைப் பெற்றன. பிறமொழிகளிலும் இவ்வியல்பு உண்டு. தமிழில் ‘நூல்’ என்பது இழையையும் குறிக்கும், புத்தகத்தையும் குறிக்கும். மலாயில் ‘தாலி’ என்றால் கயிறு. அதிலிருந்து பிறந்த ‘தாலியான்’ தொலைபேசி இணைப்பைக் குறிக்கும்.

இச்சொல் நம்மிடையேயும் குடியிருக்கிறது. கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தோட்டங்களில் தொழிலாளர்க்கென ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளை ஆங்கிலேயர் ‘லைன்’ என்றனர். நம் முன்னோர் அதனைத் தம் நாவிற்கேற்ப ‘லயம்’ ஆக்கினர். இலங்கை மலையகத் தமிழரும் அவ்வாறே வழங்கினர். இசையில் வரும் ‘லயம்’ வேறு. அது வடமொழியிலிருந்து வந்தது. ஓசை ஒன்றாயினும் பிறப்பு வேறு.

“எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்போம்?” எனத் தயங்கும் பெற்றோர் பலர். அவர்கள் வாழ்நாளெல்லாம் பேசிய சொல்லன்றோ இது! மாலையில் பிள்ளை பாடம் படிக்கையில், லயம் என்னும் பெயர் வந்த கதையை அவர்களே சொல்லலாம்.

மாணவச் செல்வங்களே! கோடு என ஒரு பொருளை மட்டும் கற்றவர், தேர்வுத்தாளில் “பாட்டின் நான்காம் லைன்” எனக் கண்டால் திகைப்பர். ஆகவே, முழு வாக்கியத்தையும் படித்த பின்னரே பொருள் கொள்ளுங்கள். லயத்தில் ஒரு வீட்டாரைப் பற்றி அறியப் பக்கத்து வீட்டாரைக் கேட்கிறோம். சொல்லின் பொருளையும் அதன் பக்கத்துச் சொற்களிடமே கேட்போம்.