புளோக்குக்கு ஓர் இன விகிதம்

சிங்கப்பூரில் அரசு கட்டிய அடுக்குமாடி வீடு ஒன்றை விற்பவரும் வாங்குபவரும் விலை பேசி ஒத்துக்கொண்டாலும், அந்தக் கட்டடத்தில், அதாவது அவ்வூர்ப் பேச்சில் 'புளோக்'கில், வாங்குபவரின் இனத்துக்கு உரிய வரம்பு நிரம்பியிருந்தால், விற்பவரும் அதே இனத்தவராக இருந்தாலொழிய விற்பனை நடக்காது. மக்கள்தொகையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளிலேயே வாழ்வதால், 1989 மார்ச்சில் நடப்புக்கு வந்த இந்த 'இன ஒருங்கிணைப்புக் கொள்கை' அந்நகரத்தின் அன்றாட வாழ்வையே வடிவமைத்திருக்கிறது.

இனவாரியாகக் குடியிருப்பது அங்கே தானாக முளைத்த வழக்கமன்று. 1822இல் ஆங்கிலேய ஆட்சியாளர் ராஃபிள்ஸின் விருப்பப்படி பொறியாளர் ஜாக்சன் வரைந்த நகரத் திட்டமே சீனர், மலாய்க்காரர், ஐரோப்பியர், தென்னிந்தியச் சூலியாக்கள் என ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பகுதியை ஒதுக்கியது. 1964இல் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே மூண்ட கலவரங்கள் அந்தப் பிரிவினையின் ஆபத்தைக் காட்டின. 1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 'கம்பம்' எனப்பட்ட சிற்றூர்க் குடியிருப்புகளையும் நெரிசல் மிகுந்த கடைவீடுகளையும் அகற்றி மக்களைக் கலந்து குடியேற்றியது. ஆனால் மறுவிற்பனைச் சந்தை வளர்ந்தபோது மலாய்க்காரர்கள் பிடோக், தெம்பனிஸ் வட்டாரங்களிலும், இந்தியர்கள் ஈசூனிலும் மீண்டும் திரளத் தொடங்கினர். அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த எஸ். தனபாலன் கொண்டுவந்த தீர்வே இந்த வரம்பு. இன்று ஒரு புளோக்கில் சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் ஏனையோரும் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இந்தியருக்கான எண் 2010 வரை 13 ஆக இருந்தது.

கொள்கையின் பலன் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் கண்ணுக்குத் தெரிகிறது: ஒரு வாரம் மலாய்த் திருமணப் பந்தல் நிற்கும் அதே இடத்தில் மறுவாரம் சீனரின் இறுதிச்சடங்குக் கூடாரம் நிற்கும். பாரிஸின் புறநகர்களில் குடியேறிகளின் வாரிசுகள் ஒதுங்கிக்கிடப்பதோடு ஒப்பிட்டால் இது சிறிய சாதனையன்று. அருகருகே வாழ்வது நட்பாக மாறிவிடுகிறதா என்பது வேறு கேள்வி. வாடகை விளம்பரங்களில் 'இந்தியர் வேண்டாம்' என்ற வரி தென்பட்டதும் இதே நகரத்தில்தான்.

இக்கொள்கை இடறுவது சிறுபான்மையினரின் கைப்பணத்தில். சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் வீடு வைத்திருக்கும் ஒரு தமிழரால் சீனருக்கு விற்க இயலாது. ஏனெனில் அவர் வெளியேறி ஒரு சீனர் குடிவந்தால் விகிதம் கூடிவிடும். பக்கத்து வீட்டுச் சீனருக்கோ எவருக்கும் விற்கும் உரிமை பெரும்பாலும் இருக்கிறது. மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் மூவர் சீனர் என்னும்போது, அவர்களை விலக்கிவிட்டு வாங்குபவரைத் தேடும் தமிழர் மாதக்கணக்கில் காத்திருக்கவும் விலையைக் குறைக்கவும் நேர்கிறது. அரசும் இதை மறுக்கவில்லை. விற்க முடியாமல் தவிக்கும் உரிமையாளர் சிலரின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது நீண்ட காலம் வீட்டை வைத்திருந்து, விற்க முயன்றும் இயலாதவர்களுக்கான கடைசிக் கதவு மட்டுமே. வசதி படைத்தோர் வாழும் தனியார் கொண்டோமினியங்களுக்கு இந்த விகிதம் எதுவும் கிடையாது. கலந்து வாழ்வது நாடு முழுமைக்கும் நன்மை என்றால், அதனால் சிறுபான்மை விற்பனையாளர் இழக்கும் தொகையை அரசுக் கருவூலமே ஈடுகட்டுவதுதான் நியாயம்.