மருந்தை வெளியே தள்ளும் புற்றுசெல்: ‘இயற்கைப் பை’ உதவுமா?

ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற வட்டாரம். தோல் பதனிடும் குரோமிய உப்பைத் தயாரித்த ராணிப்பேட்டை ஆலை ஒன்று 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவில் உள்ள ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், மூச்சுவழி உள்ளே போனால் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

கீமோதெரபி இருக்கே? அங்கதான் சிக்கல். சில புற்றுசெல்களில் ‘பி-கிளைக்கோபுரோட்டீன்’ என்ற பம்ப் அதிகம். உள்ளே வரும் மருந்தை வெளியே இறைத்துவிடும்.

நம் செல்களே வெளியிடும் நுண்ணிய கொழுப்புப் பைதான் எக்ஸோசோம். 2016-ல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதில் பேக்லிடாக்சல் மருந்தை நிரப்பிப் பார்த்தார்கள். மருந்துக்கு அடங்காத செல்களில் அதன் வீரியம் 50 மடங்குக்கு மேல் கூடியது. எலிகளின் நுரையீரலில் பரவிய புற்றையும் அது கட்டுப்படுத்தியது.

ஆனால், எலியில் பலித்தது மனிதரிடமும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. இப்போதைக்கு, வாரக்கணக்கில் இருமல் நீடித்தால் தள்ளிப்போடாம டாக்டரைப் பாருங்க.